பொம்மை கட்டின வேட்டி

கடப்பாரையோடு படியிறங்கிய மகன் பாலமுரளியின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள் சாரதா. மாடியில் அவள் புருஷன் துரைராஜ் கிடந்தார். விடியற்காலையில் மாரடைப்பு. குளிப்பாட்டியாகிவிட்டது, மேலே போர்த்தக் கோடித் துணி, யாரும் உடுத்தாத புதுத்துணி, இல்லை. ஜவுளிக்கடைக்காரர் வீட்டில்!

கடை நேர் கீழேதான் இருந்தது. ஷட்டர் பூட்டில் அரக்கு முத்திரை. கொரோனா ஊரடங்கில் துணிக்கடை திறக்கக் கூடாது. வல்லத்திலிருந்து ஒருவர் சாவுக்குக் கோடி கேட்டு வந்து நின்றபோது துரைராஜ் அரை ஷட்டர் தூக்கிவிட்டார். சாவு வீட்டுக்கு இல்லையென்று எப்படிச் சொல்வது என்பது அவர் நியாயம். எதிர்வீட்டு ஜன்னலில் எவனோ வீடியோ எடுத்தான். சாயங்காலமே அதிகாரிகள் வந்து சீல் வைத்தார்கள். வாசலில் நின்ற பொம்மையை மட்டும் மாடிக்குத் தூக்கிக்கொள்ள விட்டார்கள். ஆறு நாளாக மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை, நெஞ்சைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"உள்ள அவ்ளோ வேட்டி கெடக்குதும்மா. நைனாவ பழந்துணியோட அனுப்பச் சொல்றியா?"

"சீல ஒடச்சா கேசு போடுவாங்கடா. உன்ன இட்டுகினு போயிடுவாங்க."

"போட்டா போடட்டும்."

சாரதா எதிரே பார்த்தாள். அந்த ஜன்னல் இன்றும் ஒரு சாண் திறந்திருந்தது. புருஷன் போயாயிற்று, பிள்ளையும் ஜீப்பில் ஏறினால் தானும் மருமகள் ஸ்ரீநிதியும் என்ன ஆவோம்? விடிந்ததிலிருந்து அழுகைகூட வரவில்லை, பயம்தான் வந்துகொண்டிருந்தது. ஆரணியிலிருக்கும் தம்பிக்கு இ-பாஸ் கிடைக்கவில்லை. கடைவீதியில் மற்றத் துணிக்கடைக்காரர்கள் போனையே எடுக்கவில்லை, அவர்களுக்கும் பயம். பத்து மணிக்குள் பிணத்தை எடுத்துவிட வேண்டும் என்று அதிகாரிகள் வேறு சொல்லியிருந்தார்கள். இப்போதே எட்டரை.

"செத்த இரு" என்று சொல்லிவிட்டு அவள் மேலே ஏறினாள்.

கதவுக்குப் பின்னால் பொம்மை நின்றிருந்தது, ஜரிகைக் கரை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக. சீசன் முடிந்ததும் அதன் துணியைக் கழற்றி விலை குறைத்து விற்பார் துரைராஜ். வாங்குகிறவர் முகம் சுளித்தால், "பொம்ம கட்டினது மனுஷன் கட்டினதாவாது, கோடிதான்" என்பார். அந்தச் சாமர்த்தியத்துக்குச் சாரதா எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள்!

வேட்டியைப் பொம்மையின் இடுப்பில் நிறுத்த நாலைந்து குண்டூசி குத்தியிருந்தது. அவர் குத்தியது. ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அவர் செய்வது போலவே உதடுகளுக்கு நடுவே வைத்துக்கொண்டாள். வெயில் பட்ட ஒரு பக்கம் லேசாக மஞ்சளாய்ப் பழுத்திருந்தது. அதை உள்ளே மடித்து, அவரை மார்பிலிருந்து பாதம்வரை போர்த்தினாள்.

பின்னாலேயே வந்த பாலமுரளி கடப்பாரையைச் சுவரில் சாய்த்தான். அப்பாவின் கால்மாட்டில் வேட்டி நுனியை இழுத்துவிட்டு, "ஊசிய எடும்மா, முழுங்கிடப் போற" என்றான்.

சாரதா ஊசிகளைக் கவ்வியபடியே தலையை மட்டும் ஆட்டிவிட்டு, வேட்டியின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.