மூன்று வாசல் ஈரம்

வேலாயுதபுரம் மூன்றாம் தெருவில் ரோட்டை வீட்டுத் தரையால்தான் போடுவார்கள். ஓர் அடி ரோட்டுக்கு ஓர் அடி தரை. எந்த வீடு எவ்வளவு தர வேண்டும் என்பதை வாசல் தெளித்த ஈரத்தை அளந்து முடிவு செய்வார்கள். ஈரம் எதுவரை போகிறதோ அதுவரை அந்த வீட்டுப் பங்கு. இதில் யாருக்கும் குறை இருந்ததில்லை.

இசக்கிக்கு அன்று காலையில்தான் குறை வந்தது.

அவளுடைய அம்மா வேலம்மாள் பல வருஷமாக மூன்று வாசல் தெளித்துவந்தாள். முதலாவது அவர்களுடையது. இரண்டாவது சிங்காரம் வீடு. அவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் பம்பாய்க்குப் போய்விட்டார்கள். மூன்றாவது முனை வீடு. அது தெருச் சங்கச் செயலாளர் தெய்வநாயகத்தின் மாடி வீடு. அங்கே எல்லாரும் வெயில் ஏறித்தான் எழுந்திருப்பார்கள். விடிந்த பிறகும் ஒரு வாசல் காய்ந்து கிடப்பதை வேலம்மாளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கை தானாகப் போய்விடும்.

புது ரோட்டுக்குப் பங்கு அளக்கத் தெய்வநாயகம் அளவு நாடாவோடு வந்தார். நாடா ஈரத்தை மோந்து பார்த்தது. பிறகு முனை வரைக்கும் ஓடிப்போய்ப் படுத்துக்கொண்டது.

"மூணு வாசலும் உன் பங்கு, தங்கச்சி."

"இதென்ன நியாயம் அண்ணாச்சி? உங்க வாசலுக்கும் நாந்தான தெளிச்சேன்."

"நான் தெளிக்கச் சொன்னேனா?"

"சொல்லல."

"அப்புறம்?"

தெய்வநாயகம் சுவரில் சாக்கட்டியால் எழுதினார். தன் வீட்டுக்கு ஒரு முட்டை போட்டார். முட்டை சுவரிலிருந்து உருண்டு விழப் பார்த்தது. பிடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு உள்ளே வந்து தரையை அளந்தார். ஓர் அறை, ஓர் அடுப்படி. சிவப்புக் காவி போட்ட சிமெண்டுத் தரை. நடுவில் அம்மி விழுந்த வெடிப்பு ஒன்று இருந்தது.

"கொஞ்சம் குறையுது."

"இருக்கிறத எடுத்துக்கோங்க."

"குறைப் பங்கு வாங்குற பழக்கம் சங்கத்துக்குக் கிடையாது. முழுப் பங்கும் கட்டுற வரைக்கும் முனையிலேர்ந்து உங்க வாசல் வரைக்கும் தெருவச் சுருட்டி வைப்போம்."

"இன்னைக்கா? இன்னைக்கு இவ அப்பா வாராகளே."

"வரட்டும்," என்றார் தெய்வநாயகம். "வர வேண்டாம்னு யார் சொன்னா?"

இசக்கி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து அவள் குரல் தெருவுக்குள் வந்ததில்லை. எதுவானாலும் கதவிடம் சொல்வாள். கதவு கிறீச்சிடும். அம்மா புரிந்துகொள்வாள். அன்று கதவு ரொம்ப நேரம் கிறீச்சிட்டது.

அப்பா பலவேசம் நாக்பூரில் முறுக்குக் கம்பெனியில் இருந்தார். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருஷத்தில் ஒரு தடவை வருவார். வந்த பஸ் முனையில் நிற்கும். மூன்றாவது ஹாரனுக்குள் தன் வீட்டு வாசற்படியை மிதிக்காதவர் அதே பஸ்ஸில் திரும்பிப் போய்விட வேண்டும். போன வருஷம் எதிர் வரிசைச் சண்முகக்கனியின் புருஷன் முனைக் கடையில் நின்று ஒரு சோடா குடித்தார். அதோடு சரி. இப்போது சண்முகக்கனி பஸ்ஸைத்தான் அத்தான் என்று கூப்பிடுகிறாள்.

சங்கத்து ஆட்கள் தெருவைப் பாய் மாதிரிச் சுருட்டினார்கள். ஒரு கோழி உள்ளே மாட்டிக்கொண்டது. சுருளைச் சிங்காரம் வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். தெரு இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. பள்ளம்கூட இல்லை. மற்ற வீடுகளுக்குப் புழக்கடைக் கதவு இருந்தது. இசக்கி வீட்டுக்கு இல்லை.

வெயில் சாயும்போது பஸ் வந்தது. அப்பா முறுக்கு டின்னோடு இறங்கினார். ஓர் அடி வைக்கப்போய்க் காலை இழுத்துக்கொண்டார்.

"ஏட்டி இசக்கி! தெருவ எங்கட்டி?"

"சுருட்டிட்டாக," என்றாள் அம்மா வாசற்படியிலிருந்து.

"எப்பம் விரிப்பாக?"

"பங்கு கட்டுனா."

"அப்பம் நான் எப்படி வர?"

டிரைவர் முதல் ஹாரனை அடித்தார். தெய்வநாயகம் தன் வீட்டு மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அப்பா பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். பஸ்ஸின் கதவு அவருக்காகத் திறந்தே இருந்தது.

இசக்கி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு கை தண்ணீர் அள்ளி, ஒன்றும் இல்லாத இடத்தில் தெளித்தாள்.

தண்ணீர் விழுந்த இடத்தில் ஓர் அடி ரோடு இருந்தது. சிவப்புக் காவி. வீட்டுக்குள் ஓர் அடி தரை இல்லை.

"எழுதிக்கோங்க, மாமா," என்றாள்.

எதிர் வரிசையில் ஜன்னல்கள் திறந்தன. "யாரு குரல் அது?" "கதவுதான் பேசுதுபோல."

"என்னத்த எழுத?" என்றார் தெய்வநாயகம்.

"ஈரம் விழுந்தா எங்க பங்குன்னு சொன்னீங்கல்ல. எழுதிக்கோங்க."

அவள் அந்த ஓர் அடியில் ஏறி நின்று அடுத்ததைத் தெளித்தாள். வெடிப்பு விழுந்த துண்டு வந்தது. சின்ன வயதில் அதற்குள்தான் பல்பம் ஒளித்து வைப்பாள். அதைத் தாண்டி நடந்தாள்.

"ஏட்டி, அடுப்படி போயிட்டு," என்று உள்ளேயிருந்து அம்மா கத்தினாள்.

"போகட்டும்."

"கட்டில் கால் தொங்குது."

"தொங்கட்டும்மா."

"சாமி படம்?"

"அது சுவர்லதான இருக்கு. நீ அசையாம நில்லு."

சிங்காரம் வீட்டு வாசல் முடிந்தது. முனை வீட்டு வாசல் தொடங்கியது. இரண்டாவது ஹாரன் அடித்தது. குடம் லேசாகிக்கொண்டே வந்தது. அப்பாவின் முகம் கிட்டத்தில் தெரிந்தது. போன வருஷத்தைவிட நரைத்திருந்தார்.

இன்னும் ஓர் எட்டுதான். இசக்கி குடத்தைக் கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழுந்தது. அதில் ஓர் எறும்பு நிற்கிற அளவுக்கு ரோடு வந்தது. திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்குள் அம்மா நிற்கிற இடம் மட்டும்தான் பாக்கி.

"தாண்டட்டாட்டி?" என்றார் அப்பா.

"தாண்டி வந்தா செல்லாது," என்றார் தெய்வநாயகம் மாடியிலிருந்து. "நடந்துதான் வரணும்."

டிரைவர் ஹாரன் மேல் கையை வைத்தார்.

முனை வீட்டுக் கதவு திறந்தது. தெய்வநாயகத்தின் மனைவி கோமு, பகல் தூக்கம் கலையாத முகத்தோடு, முகம் கழுவ எடுத்த செம்போடு வந்து நின்றாள். இசக்கியைப் பார்த்தாள். எட்டாத அந்த இடத்தைப் பார்த்தாள்.

"இது நம்ம வாசல்தான?"

"அதுக்கென்ன இப்பம்?" என்றார் தெய்வநாயகம்.

"தெனமும் நான் எந்திரிக்கும்போது இங்க ஈரமா இருக்கும். மழைன்னு நெனச்சேன்."

"அது எங்கம்மா," என்றாள் இசக்கி.

"தெனமுமா?"

"தெனமுந்தான் அத்தை."

கோமு செம்பைச் சாய்த்தாள்.

"ஏ கோமு, ஊத்தாத! ஊத்தாதங்கேன்!"

பளபளவென்று ஓர் அடி கிரானைட் வந்தது. மாடியில் நாற்காலியின் ஒரு கால் இறங்கியது. தெய்வநாயகம் சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தார். அவருடைய சட்டைப் பையில் முட்டை உடைந்தது.

அப்பா கிரானைட்டில் கால் வைத்தார். வழுக்கியது. இசக்கி கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஓடினார்கள். அப்பாவின் கால் வாசற்படியில் பட்டபோது மூன்றாவது ஹாரன் அடித்தது. பஸ் கதவைச் சாத்திக்கொண்டு போனது. "போயிட்டு வாங்க அத்தான்," என்றாள் சண்முகக்கனி ஜன்னலிலிருந்து.

உள்ளே ஒருத்தி நிற்கிற இடத்தில் மூன்று பேரும் நின்றார்கள். முறுக்கு டின்னை அப்பா தலையில் வைத்துக்கொண்டார்.

"தரையெல்லாம் எங்க வேலம்மா?"

"ரோட்டுல."

எதிர் வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து ரோட்டில் நடந்து பார்த்தார்கள். நல்ல ரோடு என்றார்கள். ஒரு சைக்கிள் அவர்களுடைய அடுப்படி மேல் மணியடித்துக்கொண்டு போனது.

அப்பா கதவைச் சாத்தக் கையை நீட்டினார்.

"சாத்தாதீங்க," என்றாள் அம்மா. "காலையில வாசல் தெளிக்கணும்."

"எத்தன வாசல்மா?" என்று கேட்டாள் இசக்கி.

அம்மா முனை வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு. முனை வீட்ல ஆள் எந்திரிச்சாச்சு."

வெளியே, சுவரோரமாகப் படுத்திருந்த நாடா தலையைத் தூக்கிப் பார்த்தது.