குழலடியில் ஓர் எட்டு

...எட்டுத்தான், எட்டாகத்தான் இருக்கவேண்டும், அனுமதிப்பத்திரத்தின் கடைசி இலக்கம் எட்டு என்று கறுப்பு மையில் அழுத்தமாகக் கிடக்கிறது, ஆனால் மடியிலே உரப்பைக்குள் படுத்திருக்கும் இந்தப் பன்றி சுடும் துவக்கின் குழலடியைக் கட்டைவிரலால் தடவினால் எட்டின் வலப்பக்கம் மட்டுமே தட்டுப்படுகிறது, இடப்பக்கம் மீன்வயிறுபோல் வழுவழுவென்று போய்விடுகிறது, வலப்பக்கம் மட்டும் உள்ள எட்டை மூன்று என்றுதானே எவரும் வாசிப்பர்? கணபதி உரப்பையின் வாயைச் சுருட்டி இறுக்கிக்கொண்டார். வவுனியாக் கச்சேரி அலுவலகத்தின் வெளிவாங்கில் அவரைப்போல் ஏழெட்டுக் கமக்காரர் தத்தம் துவக்குகளோடு குந்தியிருந்தனர், பயிர்க்காவலுக்கென்று கொடுபட்ட துவக்குகளை ஆண்டுதோறும் கொண்டுவந்து இலக்கம் காட்டி அனுமதியைப் புதுப்பிக்கும் நாள் அது. போன ஆண்டு இதே வாங்கில் இதே துவக்கு, அப்போது எட்டு முழு எட்டாக இருந்தது, அதில் ஐயமே இல்லை... இன்று விடிய, உரப்பைக்குள் இறக்கும்போதுதான் கண்ணில் பட்டது. ஓர் இலக்கம் தானாக அரைவாசி ஆகுமா? இரும்பு என்ன பனங்கட்டியா, எறும்பு அரித்துத் தின்பதற்கு? இலக்கம் குறையவில்லை என்றால் துவக்கே மாறியிருக்கவேண்டும், மாறியிருந்தால் மாற்றியது யார்?

மருமகன் சுமன் கச்சேரி வாசலில், தன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டு நின்றான். கனகராயன்குளத்திலிருந்து இவ்வளவு தூரமும் ஒரு வார்த்தை பேசாமல் ஏற்றிவந்தவன், பேசாதவன் மனத்தில் என்ன இருக்கும்? மாரி மழைக்குள் காவற்கொட்டிலில் கணபதிக்குக் காய்ச்சல் அடித்துப் போட்டதும், துவக்கை அங்கேயே கூரை ஒழுக்கின்கீழ்ப் போட்டுவிட்டுத் தட்டுத்தடுமாறி வீடு வந்து சேர்ந்ததும், பிறகு அதை எடுத்துவரப் போனவன் இவன்தானே, எடுத்துவரப் போனவன் இரண்டு இரவு வயலிலேயே தங்கிவிட்டானே... பன்றிக்குக் காவல் இருந்தானாம். பன்றிக்கா? அவனுடைய கூட்டாளி பிரசாந்தனும் அந்த இரவுகளில் கூட இருந்தானாமே, பிரசாந்தனிடம் ஒரு கள்ளத்துவக்கு இருப்பதாக ஊரில் கதை. கொண்டுவந்து தந்தபோது குழல் சற்றே கனத்ததுபோல் இருந்தது, காய்ச்சற் கைக்கு எதுவும் கனக்கும்தான்... ஆனால் கைப்பிடிக் கட்டையில் வரம்பில் விழுந்தபோது ஏற்பட்ட கீறல் இருக்கிறதே, அது அதே துவக்கு என்பதற்குச் சான்று அல்லவா? கீறலை யாரும் கீறலாம். இன்று விடிய இன்னொன்று, குழலில் டோர்ச் பொருத்துவதற்கென்று சுமனே பற்றவைக்கும் ஒட்டுக்கடையில் செய்வித்துப் பூட்டிய இரும்புப்பிடியைச் சுமனே கழற்றினான். "இது கிடந்தாக் கேள்வி வரும், மாமா." எந்தப் பொருளுக்குக் கேள்வி வரும், எந்தப் பொருளுக்கு வராது என்று இவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? பிடி இப்போது அவனுடைய காற்சட்டைப் பைக்குள் புடைத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு பிடியை ஒளிக்கத் தெரிந்தவனுக்கு ஓர் இலக்கத்தை ஒளிக்கத் தெரியாதா? ஏன், இன்றைக்கு எல்லாரும்தான் ஒருமாதிரி, காலையில் மனைவி இராசேஸ்வரி தேநீர் நீட்டியபோது அவளுடைய விரல் நுனிகள்கூடக் கரியாயிருந்தன, என்ன என்று கேட்பதற்குள் குசினிக்குள் போய்விட்டாள், சட்டிக்கரியாக இருக்கும்...

பக்கத்தில் இருந்த நஜீம் தொடையில் தட்டினார். செட்டிகுளத்துப் பக்கம் கச்சான் கடலை பயிர் செய்பவர், ஆண்டுக்கொருமுறை இந்த வாங்கில் மட்டும் சந்திக்கும் சிநேகிதர். "என்ன அண்ணை, பிள்ளையைப் போல மடியில வைச்சுக்கொண்டிருக்கிறியள், தாலாட்டும் பாடுவியளோ?" கணபதி சிரிக்க முயன்றார், உதடு மட்டும் இழுபட்டது. "நான் பண்டியைச் சுடுறன், ஊரில இருக்கிற உங்கட ஆக்கள் திண்டு முடிக்கினம். நல்லிணக்கம் எண்டு சொல்லுறது இதைத்தான்." வாங்கு முழுவதும் சிரித்தது. பிறகு நஜீம் குரலைத் தாழ்த்தினார், இவர் ஏன் திடீரென்று குரலைத் தாழ்த்துகிறார்? "இந்த முறை இறுக்கமாம் அண்ணை. பூதக்கண்ணாடி வைச்சுப் பாக்கிறாங்களாம். போன கிழமை ஒருத்தற்றை நம்பர் உரஞ்சுப்பட்டுக் கிடந்ததாம், துவக்கும் போச்சு, ஆளும் உள்ள. டோர்ச் பிடி பூட்டினதுக்கும் விளக்கம் கேட்டவங்களாம். உங்கட துவக்கில டோர்ச் இருந்ததெல்லே?" இருந்ததெல்லே... இவருக்கு எப்படித் தெரியும்? போன ஆண்டு தானே காட்டிப் பெருமை பேசியது நினைவுக்கு வந்தது, வந்தும் நெஞ்சு ஆறவில்லை. "அது கழட்டியாச்சு, நஜீம் நானா," என்றார். ஏன் சொன்னேன்? கழற்றியாயிற்று என்றால் ஏன் கழற்றியது என்ற கேள்வி பிறக்குமே!

சட்டம் அவருக்குத் தெரியாததல்ல. யார் பெயரில் அனுமதியோ அவர் கையில்தான் துவக்கு இருக்கவேண்டும், மகனேயாயினும் மருமகனேயாயினும் மாற்றான் மாற்றானே. ஆனால் குடியேற்றத் திட்டத்தில் இத்தனை பேருடைய நெல்லுக்கும் இருப்பது ஒரே துவக்கு, அது வீட்டில் உறங்கினால் பன்றி வயலில் விழிக்கும், ஆகவே அது கொட்டிலுக்குக் கொட்டில் போகும், எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லார். இலக்கம் அழிந்த துவக்கு வேறெங்கும் பழுதுபட்ட துவக்காக இருக்கலாம், வன்னியில் அது யாருடைய துவக்கு, எந்தக் காலத்துத் துவக்கு, எங்கே புதைந்து கிடந்தது என்று மூன்று கேள்விகளாகக் கிளைக்கும், அந்தக் கேள்விகள் அறுபத்தெட்டு வயதுக் கமக்காரனிடம் நில்லா, பள்ளிக்கூடத்திலிருந்து இயக்கத்துக்குப் பிடித்துச் செல்லப்பட்டு, யுத்தமெல்லாம் முடிந்தபின் புனர்வாழ்வு முகாமில் ஓராண்டு இருந்து வந்த சுமனிடந்தான் போய் நிற்கும். ஒரு பெயர், ஒரேயொரு பெயரைச் சொன்னாற் போதும், மகள் யதுர்ஷிகா கைக்குழந்தையோடு சிறைவாசல்களில் நிற்பாள். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் பிழைக்குரியவர் கணபதி. செய்யாத பிழைக்கு ஏன்? அவன்தானே எடுத்தான், அவன்தானே இரண்டு இரவு வைத்திருந்தான், அவன்தானே...

உள்ளேயிருந்து பெயர் கூப்பிட்டார்கள். சுமன் ஓடிவந்து தோளைப் பிடித்து எழுப்பினான், பிடி மென்மையாகத்தான் இருந்தது, மென்மை ஏன்? மேசைக்கப்பால் எழுதுவினைஞர் சிவரூபியும் ஒரு பொலிஸ் சார்ஜன்டும். சிவரூபி குழலடியை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐயா, இந்தக் கடைசி நம்பர் எட்டோ மூண்டோ? ஒரு பக்கம் ஆரோ உரஞ்சின மாதிரியெல்லோ கிடக்கு." சார்ஜன்ட் பூதக்கண்ணாடியை வைத்துவிட்டுக் கணபதியை நிமிர்ந்து பார்த்தார். "ஐயா, துவக்கு வேற ஆள் கையில குடுத்ததா?" வாங்கில் இருந்தபடியே ஒத்திகை பார்த்து வைத்திருந்த சொல் நாவின் நுனியில் வந்து நின்றது, நின்றது மட்டுமன்று, வெளியே விழுந்தும் விட்டது. "மருமகன்..." அவ்வளவுதான், சட்டைப்பைக்குள் தொலைபேசி அலறியது, வெறும் உரப்பையோடு இருந்த கையை அவர் உயர்த்துமுன், "நான் எடுக்கிறன், மாமா," என்று சுமன் பைக்குள் கைவிட்டான். இராசேஸ்வரியின் குரல் அறை முழுவதும் கேட்டது. "என்னப்பா, காட்டியாச்சே? மழையில நனைஞ்சு ஒரே கறள், அப்பிடியே கொண்டுபோனா என்ன நினைப்பினம் எண்டு ராத்திரி மண்கடதாசி போட்டு உரஞ்சி விட்டனான். ஆயுத பூசைக்கு வைச்ச மாதிரி மினுங்குதெல்லே?" சிவரூபி சட்டென்று கடதாசிக்குள் தலையைக் குனிந்துகொண்டார். வேகமான தமிழ் பிடிபடாத சார்ஜன்ட் மாமனையும் மருமகனையும் மாறிமாறிப் பார்த்தார். "ஓம் மாமி, வடிவா மினுங்குது. பிறகு எடுக்கிறன்," என்றான் சுமன். தொலைபேசியை அணைத்தான், மாமனாரின் சட்டைப்பைக்குள் திரும்ப வைத்தான். "நான்தான் உரஞ்சினனான், சேர். கறள் பிடிச்சிருந்தது." நீ யார் என்றார் சார்ஜன்ட். "மருமகன்." அடையாள அட்டையை எடு என்றார்.

தான் பாதியில் விட்ட சொல்லை அவன் முடித்துவைத்ததைக் கணபதி பார்த்துக்கொண்டு நின்றார். கரியன்று, கறள், இரும்புத்துரு... அந்த விரல்களில் இருந்தது கறள். காலையிலிருந்து ஒவ்வொரு முகமாகத் துருவிய கண்ணுக்கு, தேநீர் நீட்டிய கையை ஒரு கணம் நின்று பார்க்க நேரமிருக்கவில்லை. இவனுக்கு எல்லாம் முன்பே தெரியுமா, மாமியை மறைக்கத்தான் வாய்மூடி வந்தானா, அல்லது இப்போது, இந்தக் கணத்தில்தான்... அந்த இரண்டு இரவும் வெறும் பன்றிக் காவல்தானா... ஐயம் விடுவதாயில்லை, வெறும் உரப்பையைப்போல் இன்னும் கையிலேயே கிடக்கிறது. "ஐயா," என்றார் சார்ஜன்ட், "இவர்தானா? சரியா?" ஓம் என்றால் சுமன், இல்லை என்றால் இராசேஸ்வரி, வாயைத் திறந்தால் ஒரு பெயர் விழத்தான் போகிறது. மேசையில் விரிந்து கிடந்த அனுமதிப்பத்திரத்தில் அவருடைய கண் போய் நின்றது. ஊரில் உள்ள பெயரெல்லாவற்றையும் விடியற்காலையிலிருந்து உருட்டிப் பார்த்தவருக்கு மூன்றாவதாக இன்னொரு பெயரும் உண்டென்பது அப்போதுதான் தெரிந்தது, ஒழுக்கின்கீழே துவக்கைப் போட்டுவிட்டு வந்தவனுடைய பெயர், அந்தத் தாளில் எழுதப்பட்டிருந்த ஒரே பெயர், அதைச் சொல்லத்தான் நா...