மூச்சு விடும் பாணலிங்கம்

எங்கள் வீட்டுச் சாமி வெள்ளிக்கிழமைதோறும் மூச்சு விடும். சிரிக்க வேண்டாம். எழுபது வருஷமாகச் சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட சங்கதி இது. பாலும் தயிரும் ஊற்றி முடிந்த பிறகு எலுமிச்சைச் சாறு அபிஷேகம் நடக்கும். சாறு பட்டதும் சாமியின் மேல் கடுகைவிடச் சிறிய குமிழிகள் கிளம்பி, மெல்லச் சீறிக்கொண்டு உடையும். "பாருங்க, மூச்சு விடுதாரு" என்பார் என் கணவர் சிவசண்முகம். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் ராதாபுரத்தில் தாசில்தாராக இருந்த காலத்துக் குரல் அவருக்குத் திரும்ப வந்துவிடும்.

சாமி என்றால் சிலை இல்லை, கல். சின்னத் தேங்காய் அளவு உருண்டை, நாலரைக் கிலோ. என் கணவரின் தாத்தா காசிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் நர்மதைக் கரையில் இறங்கியிருக்கிறார். அந்த ஆற்றுக்குள் உருண்டு உருண்டு வழவழப்பான கல்லைப் பாணலிங்கம் என்று சைவர்கள் கொண்டாடுவோம். யாரோ ஒரு விவசாயி, வயலில் உழுதபோது கிடைத்தது என்று இதைக் கொடுத்தாராம். தாத்தா வேட்டியில் சுற்றி, ரயிலில் மடியை விட்டு இறக்காமல், திருநெல்வேலி டவுனுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஆற்றில் கிடைக்க வேண்டியது வயலில் ஏன் கிடைத்தது என்று மூன்று தலைமுறையில் ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மருமகளாக வந்தவளுக்கு அபிஷேகப் பாத்திரம் துலக்கவே பொழுது சரியாக இருந்தது.

நாங்கள் சுத்த சைவம். எவ்வளவு சுத்தம் என்று என் மகள் சுப்ரஜாவைக் கேட்டால் சொல்லுவாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூரிலிருந்து ஒன்றரை வயதுப் பிள்ளையோடு இரண்டு மாதம் தங்க வந்தாள். பேரனுக்கு ஞானசம்பந்தன் என்று பெயர் வைத்தது தாத்தாதான். பெயர் கனமாக இருந்ததே தவிரப் பிள்ளை கனக்கவில்லை. எடை ஏறவே மாட்டேன் என்றது. தினமும் ஒரு முட்டை கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுக்களையில் அவிக்க முடியுமா? புறவாசலில் கரண்ட் அடுப்பை வைத்து, என்னிடமிருந்த பழைய பால் சட்டியில் அவித்தாள். கதவைச் சாத்திக்கொண்டு காவல் நின்றவளே நான்தான். முட்டை ஓட்டை எங்கே போடுவது என்று தெரியாமல் செம்பருத்திச் செடியின் அடியில் புதைத்தாள். அது சாமிக்குப் பூப்பறிக்கிற செடி.

அவிக்க ஆரம்பித்த ஒன்பதாம் நாள் பூப்பறிக்கப் போன என் கணவர் காலில் ஓடு குத்தியது. அவர் கத்தவில்லை. "முட்ட ஓடு கெடந்த வீட்டுல சாமி இருக்காது. சாமியா நீயான்னு கேட்டா, எனக்குச் சாமி" என்றார். சுப்ரஜா என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மத்தியான பஸ்ஸில் அவள் போன பிறகு, வீடு முழுக்கக் கோமியம் தெளித்ததும் இதே கைதான். அவர் செம்பருத்தியை வேரோடு பிடுங்கி வெளியே எறிந்தார். அன்றிலிருந்து மகளிடம் அவர் பேசவில்லை. அவர் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து அவள் எனக்குப் போன் செய்வாள். பேரனுக்கு ஐந்தரை வயதாகிவிட்டது. நான் அவனைப் போனில் மட்டுமே பார்க்கிறேன்.

இந்த வருஷம் மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, எலுமிச்சைச் சாற்றோடு சாமியிலிருந்து ஒரு சில்லு கழன்று தட்டில் விழுந்தது. நகத்தளவு இருக்கும். என் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. சில்லைச் சிவப்புப் பட்டில் முடிந்து கண்ணில் ஒற்றிக்கொண்டார். இரண்டு வாரம் தூக்கம் இல்லை. கடைசியில், கல்லைப் பற்றித் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடுவோம் என்று ஜெர்லினுக்குச் சொல்லி அனுப்பினார்.

ஜெர்லின் கூட்டப்புளிக்காரி. அப்பா கடலுக்குப் போகிறவர். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஏதோ ஒரு சான்றிதழுக்காக இவருடைய அலுவலக வாசலில் வந்து நின்ற பெண். இப்போது பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள். நர்மதைப் பக்கம் மூன்று வருஷம் அலைந்து ஆராய்ச்சி செய்தவள் என்று தெரிந்ததும் இவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. சில்லை ஒட்ட வழி கேட்கலாம், அப்படியே லிங்கம் எத்தனை ஆயிரம் வருஷம் பழையது என்று ஒரு கடிதமும் வாங்கிவிடலாம். குடும்ப வரலாறு என்று அவர் எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தின் முதல் பக்கத்தில் அந்தக் கடிதம் வரவேண்டும் என்பது திட்டம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடித்துவிட்டு வந்தாள். பூஜை அறைக்குள் வரவில்லை, வாசலிலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள். இவர் சாமியைப் பித்தளைத் தட்டில் வைத்துத் தூக்கிவந்தார். ஜெர்லின் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்த முகம் சட்டென்று மாறிவிட்டது.

"ஐயா, இது எங்கன கெடச்சது?"

இவர் வயல் கதையைச் சொன்னார். அவள் பையிலிருந்து சின்ன லென்ஸை எடுத்துக் கண்ணோடு வைத்துக்கொண்டு சில்லைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமன்தான் இருந்தது அது. பிறகு சாமிக்குப் பக்கத்தில் குனிந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். நான் கொடுத்த காபி ஆறி ஏடு படிந்துவிட்டது.

"ஐயா, நம்ம பக்கம் உருண்டையா ஒரு கல்லு கெடச்சாப் போதும், டைனோசர் முட்டன்னு பேப்பர்ல போட்டுருதாங்க. பத்துக்கு ஒம்பது வெறும் கல்லுதான். இல்லன்னு நானே நெறைய பேர்கிட்டச் சொல்லியிருக்கேன்" என்றாள்.

"ஆமா, பைத்தியக்காரத்தனம்" என்றார் இவர்.

"இது பத்தாவது, ஐயா."

இவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

"இது லிங்கம் இல்ல. முட்ட. அந்தச் சில்லு முட்ட ஓடு" என்றாள் ஜெர்லின். "நல்லாப் பாருங்க, மேல மணிமணியாப் பொடச்சிருக்கு. நடுநடுவுல ஊசித் தொளை. உள்ள இருக்க குஞ்சு அது வழியாத்தான் மூச்சு விடும். நர்மதப் பக்கம் இது மாதிரி நெறைய இருக்கு. ஆறரைக் கோடி வருஷத்துக்கு மேல இருக்கும். அங்கன ஒரு கிராமத்துல வயல்ல கெடச்ச இதே மாதிரி உருண்டைய வச்சிக் கும்பிட்டுக்கிட்டு இருந்துருக்காங்க. அதுவும் முட்டதான்."

இவர் லென்ஸை வாங்கினார். அவருக்கு அதில் எதுவும் தெரிந்திருக்காது. ஆனாலும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எலுமிச்ச ஊத்துனா மூச்சு விடுமே" என்றார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அந்தக் குரலை நாற்பது வருஷத்தில் நான் கேட்டதில்லை.

"ஓடு சுண்ணாம்புச் சத்துய்யா. புளிப்பு பட்டாக் கரையும். கரையும்போது நொர வரும். தயிரும் எலுமிச்சயும் எழுவது வருஷமா அத அரிச்சிருக்கு. அதான் சில்லு பேந்துட்டு. பாணலிங்கம்னா நொரைக்காது."

"கரைஞ்சது எங்க போகும்?" என்றார் இவர்.

"அந்தச் சாத்துலதான்."

அந்தச் சாற்றை நாங்கள் தீர்த்தமாகக் குடிப்போம். வீணாக்கினால் பாவம் என்று கடைசிச் சொட்டு வரை குடிப்போம். என் மாமனார் சாகும்போது வாயில் ஊற்றியது அதுதான். பேரனுக்கு முதல் சோறு ஊட்டிய அன்று நாக்கில் தொட்டுவைத்ததும் அதுதான். பிள்ளைக்கு முட்டை கொடுத்தாள் என்று மகளைத் துரத்திய வீட்டில், மூன்று தலைமுறையாக முட்டை ஓட்டைக் கரைத்துக் குடித்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

ஜெர்லினுக்கு இவரைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "இத இட்டது கழுத்து நீண்ட வகை டைனோசர், ஐயா. இல தழதான் திங்கும். சைவம்" என்றாள்.

இவர் சில்லை மறுபடியும் பட்டில் முடிந்துகொண்டிருந்தார். நான்தான் கேட்டேன், தாய் என்ன ஆயிற்று என்று.

"அது ரொம்பப் பெருசு, ஆன்ட்டி. அட காத்தா முட்டையே நொறுங்கிரும். அதனால குழி தோண்டி முட்டயிட்டு மண்ணப் போட்டு மூடிட்டு, அப்படியே போயிரும்னு நெனைக்கோம்."

திரும்பிப் பார்க்காதா என்று கேட்டேன். அது தெரியாது, யாருக்கும் தெரியாது என்றாள். ஒரு வாரம் கொடுத்தால் ஸ்கேன் எடுத்து உள்ளே குஞ்சு இருக்கிறதா என்று பார்த்துத் தருவதாகவும் சொன்னாள். இவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவள் வற்புறுத்தவில்லை. எலுமிச்சை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று நாள் வீட்டில் விளக்கு ஏற்றவில்லை. இவர் குளித்துவிட்டு வருவார், பூஜை அறை வாசலில் நிற்பார், திரும்பிவிடுவார். சாப்பாட்டில் கையை அளைந்துகொண்டிருப்பார். நாலாம் நாள் காலையில் சாமியை வெள்ளைத் துண்டில் சுற்றினார். உடைந்து பின்னமான மூர்த்தியை ஆற்றில் விடுவது வழக்கம். "நீயும் வா" என்றார்.

ஆட்டோவில் குறுக்குத்துறைக்குப் போனோம். அவருடைய தாத்தா ரயிலில் வைத்திருந்த மாதிரியே மடியில் வைத்துக்கொண்டிருந்தார். தாமிரபரணியில் தண்ணீர் இடுப்பளவு போய்க்கொண்டிருந்தது. வேட்டியோடு இறங்கினார். நான் படித்துறையில் நின்றேன். துண்டைப் பிரித்துச் சாமியைத் தண்ணீருக்குள் தாழ்த்தினார். பிறகு அப்படியே நின்றார். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் தலை துவட்டிக் கரையேறிப் போய்விட்டார்கள். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

நானும் சேலையோடு இறங்கினேன். நாற்பது வருஷத்தில் அவரிடம் நான் இரைந்து பேசியதில்லை. அன்றும் இரைந்து பேசவில்லை.

"முட்டன்னு மகள அனுப்பிட்டீக. முட்டன்னு இதயும் அனுப்புதீக. அவ அவிக்கும்போது வாசல்ல காவல் நின்னது நாந்தான். சட்டி எடுத்துக் குடுத்தது நாந்தான். அன்னைக்கிச் சொல்லத் தைரியம் இல்ல. என்னைய எங்க கொண்டு விடப்போறீக?"

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"கைய விட முடியல, உலகு" என்று என் பெயரைச் சொன்னார். "முட்டன்னு நல்லாத் தெரியுது. அப்பா கையும் தாத்தா கையும் இதுமேலதான் பட்டிருக்கு. மூச்சு விடத்தான தொள இருக்குன்னு அந்தப் பிள்ள சொல்லிச்சு. எப்பவோ மூச்சு விட்டுருக்கே. இத எப்படி விடுவேன்?"

"இதயே விட முடியல. அவள விட்டீகளே" என்றேன். அவருக்கு அவ்வளவே போதும் போலிருந்தது. தண்ணீருக்குள்ளேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். நாலரைக் கிலோவை நெஞ்சோடு அணைத்திருந்ததால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. நான் முந்தானையால் துடைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஈர வேட்டியைக்கூட மாற்றவில்லை. சாமியை அதே பீடத்தில் வைத்தார். என் போனை வாங்கித் தானே நம்பரைத் தட்டினார்.

"சுப்ரஜா" என்றார்.

அந்தப் பக்கமிருந்து பதறிய குரல் வந்தது. "அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

நான் செத்துப்போனால்தான் அப்பா கூப்பிடுவார் என்று என் மகள் நினைத்திருக்கிறாள். அது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

"அம்மா நல்லா இருக்கா. இங்கனதான் நிக்கா. நீ வா. பிள்ளையக் கூட்டிக்கிட்டு வா."

அவள் ஒரு நிபந்தனை சொன்னாள். "வாரேன்பா. ஆனா அவன் காலைல முட்ட திம்பான். புறவாசல்ல ஒளிஞ்சி நின்னு அவிக்க மாட்டேன். அடுக்களையிலதான் அவிப்பேன். சரின்னு சொன்னா வாரேன்."

இவர் பூஜை அறையைப் பார்த்தார். பீடத்தில் அது உருண்டையாக உட்கார்ந்திருந்தது. மேலே சில்லு போன இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

"அவி" என்றார். "ஓட்டத் தூரப் போட்டுராத. இன்னைக்கிச் சாயங்காலம் ஒரு செம்பருத்தி வாங்கி வைக்கேன். அது அடியில போடு."