ஒனோரே சொன்ன ஓட்டை

ஆழ்கடலை மனிதன் வென்ற வரலாறு, அவன் மணிக்கட்டில் கட்டிய கடிகாரத்தின் வரலாறே. மார்சேய் துறைமுக மண்டபத்தில் இதைச் சொல்லிவிட்டு, கடிகாரக் கம்பெனி முதலாளி கொர்பாஸ் சற்று நிறுத்தினார். சுவிஸ் மலையிலிருந்து ரயிலில் வந்த மனிதர். படகைக் கண்டாலே அவருக்குக் குமட்டும்.

பின்வரிசையில் இருந்த முக்குளிப்பாளர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சிரிப்பைச் சமாளித்தார்கள். கொர்பாஸின் கடிகாரம் கடலுக்கடியில் ஒருநாளும் உடைந்ததில்லை. உடைந்ததெல்லாம் கட்டிலில்தான்.

எண்ணெய்க் குழாய் வேலைக்கு ஆழத்தில் இறங்கியவன் மேலே வந்ததும் வீட்டுக்குப் போய்விட முடியாது. கட்டில் போட்ட இரும்பு அறையில் அடைத்து, நாள்கணக்கில் அழுத்தத்தைக் குறைப்பார்கள். உள்ளே சுவாசிப்பது ஹீலியம். பேசினால் வாத்துக் குரல் வரும். அந்த வாயு கடிகாரத்துக்குள்ளும் நுழைந்துகொண்டு, வெளியேற வழியில்லாமல், சீட்டாட்டத்தின் நடுவே கண்ணாடியை டப்பென்று தெறிக்கவைக்கும். அதனால் அறைக்குள் வந்ததுமே எல்லோரும் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும், தண்ணீர் புகாதபடி இறுக்கி வைத்த திருகைத் திறந்துவிடுவார்கள். யோசிக்காமல் விரல் தானாகச் செய்கிற வேலை.

கடிகாரத்தின் விலாவில் சின்னதாக ஓர் ஓட்டை, அதற்கு ஸ்பிரிங் வைத்த மூடி, வாயு வெளியே போகலாம், தண்ணீர் உள்ளே வரக்கூடாது: இதை முதலில் சொன்னவன் ஒனோரே. மேல்கட்டிலில் படுத்தபடி, வாத்துக் குரலில், கீழ்க்கட்டில் தூசானிடம் சொன்னான். தூசான் வயிறு வலிக்கச் சிரித்தான். வருஷக்கணக்காகச் சேர்ந்து இறங்குகிறவர்கள். ஒருவன் காற்றுக்குழாய் சிக்கினால் மற்றவன் கைதான் அவிழ்க்கும். ஒனோரேயின் மகளுக்கு ஞானத்தகப்பனும் தூசான்தான்.

அந்த ஓட்டை வைத்த கடிகாரத்துக்குத்தான் இன்று விழா. அழைப்பு வந்த அன்றே, தன் பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிடுவார்கள் என்று ஒனோரே மனைவியிடம் சொல்லிவிட்டான். அவள் அவனுடைய கல்யாணக் கோட்டைப் பிரித்து, வயிற்றுப் பக்கம் அகலமாக்கித் தைத்துக் கொடுத்தாள்.

"இந்த வால்வைக் கண்டுபிடித்த மேதை…" என்று கொர்பாஸ் மூச்சை இழுத்தபோது ஒனோரே பாதி எழுந்துவிட்டான்.

"தூசான் லெக்கா!"

எழுந்த உடம்பை என்ன செய்வதென்று தெரியவில்லை. நின்றபடியே கைதட்டினான். தானாக எழுந்து நின்று பாராட்டியவன் மண்டபத்தில் அவன் ஒருவன்தான்.

பிறகு மேடையோரம் போய்த் தூசானைப் பிடித்தான்.

"ஏண்டா, அது என்னோட ஓட்டைடா."

"உன்னோடதுதான். யாரு இல்லேன்னா? நீ சொல்லிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கிட்ட. ரயில் ஏறிப் போயி அந்த ஆளு முன்னாடி நின்னவன் நானு."

"என் பேரையும் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உன்னையில்ல கூப்பிடுவாங்க?"

தூசான் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் ஒனோரேக்கு உறைத்தது.

அடுத்து, தூசான் கண்ணாடித் தொட்டித் தண்ணீரில் கடிகாரத்தை இறக்கிக் காட்ட வேண்டும். படம் பிடிக்கிறவர்கள் நெருக்கினார்கள். தூசானுக்கு வியர்த்தது. பதற்றத்தில் அவன் விரல்கள் இரும்பு அறைக்குள் செய்வதையே செய்தன. சாவித் திருகு திறந்துகொண்டது.

ஒனோரே அதைப் பார்த்தான். கடலடியில் இப்படி ஒன்று கண்ணில் பட்டிருந்தால், யோசிப்பதற்கு முன்பே கையசைத்திருப்பான். இன்று கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

தொட்டியில் குமிழிகள் வரிசையாக எழுந்தன.

"வாயு எவ்வளவு அழகாக வெளியேறுகிறது, பாருங்கள்" என்றார் கொர்பாஸ்.

சற்று நேரத்தில் முள் நின்றது. பாதிக் கண்ணாடி வரை தண்ணீர் ஏறியிருந்தது. கடிகாரம் நீந்தப் போய் மூழ்கிவிட்டதா என்று ஒரு நிருபர் கேட்டார். கொர்பாஸ் மெதுவாகத் தூசான் பக்கம் திரும்பினார். தூசான் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

"யோசனை என்னோடது இல்லீங்க, மிசியே. அதோ கோட்டு போட்டுக்கிட்டு நிக்கிறானே, ஒனோரே பால்மியேரி. ஓட்டை போடச் சொன்னதே அவன்தான்."

கேமராக்கள் எல்லாம் திரும்பின. கொர்பாஸ் அந்தப் பெயரை நிருபர்களுக்காக நிறுத்தி நிதானமாக, இரண்டு முறை சொன்னார்.

மறுநாள் செய்தித்தாளில், தண்ணீர் புகுந்த கடிகாரத்தின் படத்துக்குக் கீழே ஒனோரேயின் முழுப்பெயர் வந்திருந்தது. அவன் ஐந்து பிரதி வாங்கினான்.