பொட்டு வைத்த இடம்

கம்ப்யூட்டருக்குள் விசிறி சுற்றியது. நான் மூச்சு விடுவதற்குள் நின்றுவிட்டது.

பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து சென்னைக் கம்பெனிக்கு முகத்தைக் காட்ட வேண்டும். விஜயதசமியன்று புது ஆட்களைச் சேர்ப்பது அவர்கள் வழக்கம். வீட்டிலிருந்து வேலை பார்க்க வசதியில்லாதவர்கள் சென்னைக்கே வந்து ஹாஸ்டலில் தங்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். என் மகள் அனுசுயாவுக்கு மூன்று வயது. அவளை இங்கே செந்துறையில் விட்டுவிட்டு அங்கே போய் நான் என்ன வேலை பார்த்துக் கிழிக்கப் போகிறேன்?

பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே பூட்டிய கம்ப்யூட்டர் அது. மூடியைக்கூட இன்னும் போடவில்லை. நேற்று ஆயுத பூஜைக்கு முன்னால் ஓட்டிப் பார்த்தபோது நன்றாகத்தான் ஓடியது. இப்போது மணி ஒன்பதரை. மதர்போர்டுக்குப் போகும் பெரிய பவர் கேபிளைப் பிடுங்கி, கொக்கி விழும் சத்தம் கேட்கும்வரை மறுபடி அழுத்தினேன். பிராசசருக்குப் போகும் சின்னக் கேபிளையும் அப்படியே செய்தேன். சுவரில் சுவிட்சைப் போட்டதும், நான் பொத்தானைத் தொடாமலே விசிறி சுற்றியது. நாலைந்து நொடியில் நின்றது.

என் வீட்டுக்காரர் ராசாங்கம் வாசற்படியில் நின்றிருந்தார். சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டுகிறவர். மாலை போட்ட வண்டி வெளியே நிற்க, எடுத்துக்கொண்டு போகாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, இதுல கைய வச்சீங்களா?”

“நான் எதையும் புடுங்கல புள்ள.”

“புடுங்கல சரி, தொட்டீங்களா?”

அவர் வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. “நான் வேலைக்குப் போறது உங்களுக்குப் புடிக்கல. அத வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்ல?”

அவர் முகம் செத்துப்போனது. எனக்கு அப்போது இரக்கமே வரவில்லை.

தொடாமலே ஓடுகிறது. பொத்தானை விடாமல் அழுத்தினால் அணைவதுபோல அணைகிறது. அப்படியானால் பொத்தான் எங்கேயோ அழுந்தியபடியே இருக்கிறது. அதிலிருந்து வரும் பொடி ஒயர்கள் போர்டின் கீழ் மூலையில்தான் சேர்கின்றன. சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பின்னிக் கிடந்தவற்றுக்குள் விரலை விட்டுப் பொத்தான் ஒயரை உருவினேன். விரல் ஈரமாக வந்தது. முகர்ந்து பார்த்தால் சந்தனம்! குங்குமம் வேறு. போர்டில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கம்பிகளையும் அந்த ஈரம்தான் இணைத்திருக்கிறது.

“காலைல நீ பாப்பாவக் குளிப்பாட்டிட்டு இருந்தப்ப வச்சேன்,” என்றார். “வண்டிக்கு வச்சிட்டு, உன் மிசினுக்கும் வச்சேன். நேத்து அந்த எடத்துலதான் ரொம்ப நேரம் கஷ்டப்பட்ட. அங்க வச்சா நல்லா ஓடும்னு… நீ மெட்ராசுக்குப் போயிட்டா நானும் பாப்பாவும் என்ன புள்ள பண்ணுவோம்?”

திட்ட வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது. அதற்கும் நேரமில்லை.

சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் கம்பிகளுக்கு இடையில் சுரண்டினேன். அவர் டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து அந்த மூலைக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் வழிந்த வியர்வையை அந்தக் கையாலேயே துடைத்துக்கொண்டேன்.

பொத்தான் ஒயரைத் திரும்ப மாட்டப் பயமாக இருந்தது. சுவர் சுவிட்சைப் போட்டேன். விசிறி அசையவில்லை. நல்லது. பொத்தானுக்கான இரண்டு கம்பிகளையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒருசேரத் தொட்டு எடுத்தேன். விசிறி சுற்றியது. இதோ நிற்கப் போகிறது, இதோ நிற்கப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். நிற்கவில்லை. திரையில் வெளிச்சம் வந்தது.

பத்து மணிக்குக் கம்பெனி மேடம் திரையில் தோன்றினார். என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“பிரவீணா, நெத்தி பூரா என்னங்க அது?”

திரையின் ஓரத்தில் தெரிந்த என் முகத்தைப் பார்த்தேன். புருவம் முதல் வகிடு வரை சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடந்தன.

“எங்க வூட்டுக்காரர் வச்சதுங்க, மேடம்,” என்றேன்.

கேமராவில் படாமல் ஒதுங்கி நின்ற அவர், அந்த ஃபேனை இன்னும் கீழே வைக்கவில்லை.