முப்பது பிரதிகள்

பேக்கப்பை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்ற கட்டத்தில் முப்பது என்று எழுதிவிட்டு ரூபேந்திரன் அடுத்த கட்டத்துக்குப் போனபோது கேட்டில் காவல் இருக்கும் ஜாகா போன் செய்தார். காளிதாஸின் மனைவி வந்து நிற்கிறாள், உன்னைத்தான் கேட்கிறாள் என்றார். கேன்டீனில் உட்காரச் சொல்லுங்கள், பத்து நிமிடத்தில் பேப்பரோடு வருகிறேன் என்றான் ரூபேந்திரன். அந்தப் பத்து நிமிடத்தை அவன் அவ்வளவு நம்பினான்.

யோங் பெங் என்ற ஊரில், ரொட்டி சானாய் எனப்படும் பரோட்டாவை உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி அது. ஐ.டி. டிபார்ட்மென்ட் என்று கதவில் பெரிதாகப் போர்டு இருக்கும். உள்ளே போனால் ரூபேந்திரன் ஒருவன்தான் டிபார்ட்மென்ட். இரண்டு இரும்புப் பெட்டிகளுக்குள் ஐந்து மெய்நிகர் சர்வர்கள் ஓடின. ஸ்டாக்குக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, தொழிலாளர்களின் வருகைப் பதிவுக்கு ஒன்று, இப்படி. ஐந்துக்கும் பேக்கப் எடுத்து வைக்க மூலையில் ஒரு சேமிப்புப் பெட்டி. அது நிறைந்து வழிகிறது என்று அவன் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எதை எத்தனை நாள் வைத்திருப்பது, எவ்வளவு இடம் வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுக்கும்படி இந்த வாரம்தான் முதலாளிக்குக் கேட்கத் தோன்றியது. ஒரு பக்கத்துக்கு மேல் படிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

காளிதாஸ் குளிர் அறையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். பதினாறு நாளைக்கு முந்தைய திங்கட்கிழமை இரவு ஒன்பதரைக்கு வீட்டுக்குப் போன் செய்து, வேலை முடிந்தது, இதோ கிளம்புகிறேன் என்றிருக்கிறார். பத்தேகாலுக்குக் குளுவாங் சாலையில் லாரி அவருடைய மோட்டார் சைக்கிளை அடித்துவிட்டது. வேலையிலிருந்து வீடு திரும்பும் வழியில் நடந்த விபத்து என்று காட்டினால் சொக்சோ என்ற தொழிலாளர் காப்பீட்டில் மனைவி சாந்தினிக்கு மாதாமாதம் பென்ஷன் வரும். காட்டுவதற்குக் கம்பெனியிலிருந்து வெளியேறிய நேரம் வேண்டும். சவம் எடுத்த அன்றே, அழுது வீங்கிய முகத்தோடு, சாந்தினி அவனிடம் அதைக் கேட்டாள்.

"மொதல்ல காரியத்த முடிங்கக்கா. ரெக்கார்டு எங்க ஓடிப் போகப் போவுது? முப்பது நாள் பேக்கப் இருக்கு லா, நான் பாத்துக்கறேன்" என்றான் அவன். சாவு வீட்டில் தன்னாலும் ஓர் உபயோகம் இருக்கிறதே என்று உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவளும் நம்பிப் பதினாறாம் நாள் வரை வீட்டு வாசலைத் தாண்டவில்லை. நேற்று செவ்வாய்க்கிழமை கருமாதி. அவனும் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய்ச் சாப்பிட்டான்.

வருகைப் பதிவைத் திறந்தான். காளிதாஸ், திங்கட்கிழமை: உள்ளே காலை 6.58, வெளியே இரவு 7.00.

அவனுக்குப் பயம் வரவில்லை. கூடுதல் வேலை நேரம் சட்டம் சொல்லும் அளவைத் தாண்டினால், மனிதவளப் பிரிவில் இருக்கும் டொரத்தி நேரத்தை ஏழு மணிக்கு வெட்டிவிட்டு, மிச்சத்தை வேறு பெயரில் சம்பளத்தில் சேர்ப்பாள். கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் இது, அவனுக்கும் தெரியும். பழைய மென்பொருள், மாற்றினால் தடயமே இருக்காது. ஆனால் பேக்கப் இரவு ஒரு மணிக்கே எடுத்தாகிவிடும், டொரத்தி ஒன்பது மணிக்குத்தான் வந்து உட்காருவாள். அந்தத் திங்களுக்கு மறுநாள், செவ்வாய் அதிகாலைப் பிரதி ஒன்று போதும்.

பட்டியலைக் கீழே தள்ளினான். அடியில் இருந்தது அதே செவ்வாய் பகல் ஒரு மணிப் பிரதி. அதற்கு முந்தையது இல்லை.

விரல் வைத்து எண்ணினான். முப்பது இருந்தன. மறுபடி எண்ணினான், முப்பதேதான். அப்புறம்தான் நினைவு வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் கரண்ட் போய் அரை நாள் கணக்கு அழிந்தபோது, பகல் ஒரு மணிக்கும் ஒரு பேக்கப் எடுக்கும்படி அவன்தான் அமைத்தான். முதலாளி கூப்பிட்டுப் பாராட்டினார். அந்த மென்பொருள் நாட்களை எண்ணுவதில்லை, பிரதியைத்தான் எண்ணும். ஒரு நாளைக்கு இரண்டு என்றால் முப்பது பிரதி பதினைந்தே நாள். இன்று அதிகாலை ஒரு மணிக்குப் புதிய பிரதி உள்ளே வந்து, எல்லாவற்றிலும் பழையதை வெளியே தள்ளிவிட்டது. நேற்று அவன் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தடவை பாயாசம் வாங்கியபோது அது இருந்தது. அப்போதே எழுந்து வந்திருந்தாலும் எடுத்திருக்கலாம்.

மாதக் கடைசியில் வெளி டிஸ்கில் எடுத்த பிரதியிலும் வெட்டிய நேரம்தான் இருந்தது. கேட்டில் முகம் பார்த்து நேரம் குறிக்கும் மெஷினும் கேமராவும் ஏழு நாளைக்கு மேல் எதையும் வைத்திருக்காது. இடம் போதவில்லை என்று அதையும் அமைத்தவன் அவன்தான். இப்படி ஒரு மடையன் யோங் பெங்கில் வேறெங்கும் கிடைக்கமாட்டான் என்று தன்னையே திட்டிக்கொண்டு டொரத்தியின் அறைக்குப் போனான்.

அவன் வாயைத் திறக்கும் முன்பே அவள் எழுந்து கதவைச் சாத்தினாள்.

"காளிதாஸ் நியூஸ் வர்றதுக்கு முன்னாடியே மாத்திட்டேன் ரூபன். மாசா மாசம் செய்யறதுதானே."

"எத்தன மணின்னு இருந்துச்சுக்கா?"

"ஒம்போது நாப்பத்திரெண்டு. கண்ண மூடினா அதான் வந்து நிக்குது."

"அத எழுதிக் குடுப்பீங்களா?"

"எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு. எழுதினா கம்பெனிய விட்டுட்டு என்னைத்தான் பிடிப்பாங்க." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்கிட்ட பேக்கப் இருக்கும்னுதான் நான் தைரியமா இருந்தேன் ரூபன்."

அவனுக்கு அவள்மேல் கோபம் வரவேண்டும் போலிருந்தது, வரவில்லை.

கேன்டீனில் சாந்தினி ஒரு பிளாஸ்டிக் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவளுக்கு வாங்கி வைத்த தே ஓ, பால் விடாத டீ, ஆறிப்போயிருந்தது. அவன் நீட்டிய தாளை வாங்கிப் படித்தாள்.

"ஏழு மணியா?" என்றாள். "ஏழு மணிக்கு வெளிய வந்தவரு பத்தேகால் வரைக்கும் எங்க இருந்தாரு?"

"அது மாத்தின நேரம்கா. சரியான ரெக்கார்டு நேத்து வரைக்கும் இருந்துச்சு. ராத்திரி ஒரு மணிக்கு அழிஞ்சிருச்சு. நாந்தான் தப்பா செட் பண்ணி வச்சிருந்தேன்."

"நேத்தா?" அவள் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "நேத்து நீங்க எங்க வீட்லதானே இருந்தீங்க."

நான்தானே காத்திருக்கச் சொன்னேன் என்றாவது அவன் சொல்லியிருக்கலாம். அவள் தாளை மடிக்கப் போனாள், மடிக்காமல் வைத்துவிட்டாள்.

"இத அவரு அண்ணன் ஜெயபாலன்கிட்ட எப்படிக் காட்டுவேன்? எங்க குடிச்சிட்டுக் கெடந்தான், எவ வீட்டுக்குப் போனான்னு அவரு அன்னிக்கே கேட்டாரு. நான் சண்ட போட்டேன், கம்பெனியிலதான் இருந்தாருன்னு." குரல் தாழ்ந்தது. "சொக்சோவ விடுங்க தம்பி. எனக்கு மட்டும் சொல்லுங்க. அவரு இங்கதான் இருந்தாரா?"

"இங்கதான்கா இருந்தாரு."

"நீங்க பாத்தீங்களா?"

டொரத்தி அந்த நேரத்தைப் பார்த்தாள் என்று சொல்லலாம். சொன்னால் இவள் இப்போதே எழுந்து அந்த அறைக்குப் போவாள்.

"பாத்தேன்" என்றான் ரூபேந்திரன்.

இந்த இரண்டு வாரத்தில் முதல் தடவையாக அவள் தோள் தளர்ந்தது. பெருமூச்சு விட்டாள். பிறகு ஃபைலைத் திறந்து, பிள்ளையின் நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள் ஒன்றையும் ஒரு பேனாவையும் எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"அப்ப அத எழுதிக் குடுங்க தம்பி."

அதிகாரி படிக்கவேண்டும் என்பதால் மலாயில் எழுதத் தொடங்கினான். பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் எழுதினான். பிறகு 'சாயா', நான், என்று எழுதிவிட்டு நிறுத்தினான். அந்தத் திங்கட்கிழமை அவன் கம்பெனியைவிட்டுப் போன நேரம் மாலை ஐந்து முப்பத்து நான்கு. அதை யாரும் வெட்டவில்லை. முப்பது பிரதிகளிலும் பத்திரமாக இருந்தது. மாற்றவேண்டும் என்றால் அவனால் மாற்றமுடியும், டொரத்தியைவிடச் சுலபமாக.

மேலே காற்றாடி சுற்றியது. தாளின் ஓரம் படபடத்தது. சாந்தினி கையை நீட்டி, அது பறந்துவிடாதபடி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.