பதினேழு கப்பல் முதலாளிகள்

1

முப்பது வருட யோசனையின் விலை அரை. பணமாக அல்ல, வெறும் எண், 0.5. நான் கட்டிய விலையும் அல்ல. அக்கா முப்பது வருடமாக நடத்தும் வரலாற்று ஆய்விதழுக்குப் பல்கலைக்கழகம் கட்டியது. கடந்த இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளை இந்த ஆண்டு மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி, கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அரைக்குக் கீழே இறங்கினால் இதழுக்கு மூடுவிழா. அக்கா ஃபோனில் புலம்பினாள். அவள் கேட்டது ஆறுதல், நான் எடுத்தது கதை. எங்களுடையது வியாபாரக் குடும்பம்; எதையும் சும்மா கேட்டுக்கொண்டிருக்க மாட்டோம்.

2

(கைவிட்ட தொடக்கம்: "மழை தூறிய அந்த மாலையில் பேராசிரியை தன் மூக்குக் கண்ணாடியை..." மழையெல்லாம் இல்லை. அடித்துவிட்டேன்.)

இதழின் மானத்தைக் காப்பாற்றியது ஒரே கட்டுரை. பழைய துறைமுகம் ஒன்றில் பதினேழு பெண்கள் கப்பல் முதலாளிகளாக இருந்தார்கள் என்றது அது. எழுதியவர் ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியர். பட்டப்பெயர் அடிக்குறிப்பு, வீட்டுக்கு வழி கேட்டால்கூட ஆதாரத்தோடு சொல்வார். கட்டுரையைப் பதின்மூன்று பேர் மேற்கோள் காட்டினார்கள், அதில் பதினொருவர் திட்டுவதற்கு. எண்ணுகிறவர்களுக்குத் திட்டும் ஒன்றுதான், பாராட்டும் ஒன்றுதான்.

3

அடிக்குறிப்பு அக்காவின் அறைக்கு வந்தார். (நான் அங்கே இல்லை. கதை என்னுடையது என்பதால் எனக்கும் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன்.)

"மேடம், அந்தக் கட்டுரைய வாபஸ் வாங்கிக்கறேன்."

"ஏன் சார், என்னாச்சு?"

"துறைமுகப் பதிவேட்டை மறுபடி பார்த்தேன். முதலாளி பேருன்னு நான் படிச்சதெல்லாம் கப்பலோட பேரு."

"அப்ப அந்தப் பொம்பளைங்க?"

"பதினேழு பேரும் கப்பல்தாம்மா."

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். பேரம் பேசாமல் இருந்தால் எனக்கு மூச்சு முட்டும்; நாற்காலியை முன்னால் இழுத்தேன்.

"ஒரு சின்னத் திருத்தம் போட்டுட்டா என்ன சார்? கட்டுரையும் இருக்கும், மேற்கோளும் தங்கும்."

"என்னன்னு போடறது தம்பி? 'பெண் என்பதைக் கப்பல் என்று வாசிக்கவும்'னா? ஒருத்தி மறுமணம் பண்ணிக்கிட்டான்னு மூணு பக்கம் எழுதியிருக்கேன். அது கைமாறின கப்பல்."

"வாபஸ் வாங்கினா பதின்மூணையும் கழிச்சுடுவாங்க சார்," என்றாள் அக்கா. "ஆனா வகுக்கறப்ப மட்டும் உங்க கட்டுரையையும் சேர்த்துக்குவாங்க. இதழ் அதோட முடிஞ்சுது."

"தெரியும்மா. பாடப்புத்தகத்துல சேர்க்கப் போறாங்களாம். அதான் ஓடி வந்தேன்."

4

இங்கே அவரைக் கொஞ்சம் கெட்டவராக்கிப் பார்த்தேன். அக்கா மேல் பழைய கடுப்பு, பதவி கிடைக்காத வயிற்றெரிச்சல்... ஒட்டவில்லை. மனிதர் போகும்போது தேநீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

முடிவு அ: அக்கா விஷயத்தை அமுக்குகிறாள். இதழ் பிழைக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் பதினேழு கப்பல்களை வீரப் பெண்மணிகள் என்று மனப்பாடம் செய்கிறார்கள்.

முடிவு ஆ: தெரிந்த இதழாசிரியர்களிடம் மேற்கோள் கைமாற்று கேட்கிறாள். (அவர்கள் ஏற்கெனவே இவளிடம் கேட்டிருக்கிறார்கள்.)

இரண்டையும் அனுப்பினேன். உடனே ஃபோன்.

"ஏண்டா, நான் என்ன பண்ணுவேன்னு உனக்கே தெரியாதா?"

"எது வேணும்னு நீயே சொல்லுக்கா."

"ரெண்டையும் அடி. வாபஸ் அறிவிப்பு போட்டாச்சு."

"அக்கா, ஒரு வாரம் தள்ளிப் போட்டிருக்கலாமே..."



"அந்தப் பொம்பளைங்கள எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சுடா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

5

பல்கலைக்கழகம் என்ன செய்தது என்று எழுத மாட்டேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இதழின் மற்ற கட்டுரைகளை இந்தக் கதையிலேயே மேற்கோள் காட்டி உதவலாமா என்று விசாரித்தேன். கதையில் காட்டினால் சேராதாம். ஆகவே, உங்கள் வசதிக்கு:

கட்டுரைகள் நாற்பது. வேண்டிய மேற்கோள் இருபது. வந்தது இருபத்தொன்று. கழிவு பதின்மூன்று. கையில் எட்டு.

பாக்கி பன்னிரண்டு.